ஸ்பிரிங்குக்கு முன் ஸ்டெபிலைசர் பார்: வடசென்னையில் காரைத் தாழ்த்த நினைப்பவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்த விரும்பும் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது லோயரிங் ஸ்பிரிங்கைத்தான். தண்டையார்ப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு, எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வரிசை ஒத்துவருவதில்லை. தேய்ந்த பாகங்களை முதலில் மாற்றி, அடுத்து ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாக்கி, அதனுடன் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து, அப்போதும் தேவை என்று தோன்றினால் மட்டும் 20 முதல் 25 மி.மீ. வரை தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொருத்துவதே நான் பரிந்துரைக்கும் வரிசை. ஸ்பானர் பிடித்துப் பழகாதவர்களும் பட்டறையில் பக்கத்தில் நின்று, நடக்கும் வேலை சரிதானா என்று கவனிக்க முடிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படியையும் காரணத்தோடு எழுதியிருக்கிறேன். முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) பின்பக்கம் டார்ஷன் பீமும் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரம்) கொண்ட ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்குகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் தெருக்களில் அதிகம் நிற்பவை அவைதான்.

ஸ்பிரிங் என்ன செய்கிறது, பார் என்ன செய்கிறது

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். லோயரிங் ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் குட்டையாக இருக்கும். வண்டி தாழ்ந்ததால் சக்கரம் மேலேறுவதற்கு மிஞ்சியிருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது என்பதால், அந்தக் குறைந்த தூரத்துக்குள் அதே அதிர்ச்சியைத் தாங்க, அது கூடுதல் விறைப்பாகவும் இருந்தாக வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் ஒரே விறைப்பைக் காட்டும் லீனியர் வகையும், அழுத்த அழுத்த விறைப்பு கூடும் புரோக்ரசிவ் வகையும் கடைகளில் கிடைக்கின்றன. காலையில் ஒருவர் மட்டும் அலுவலகம் போவதும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் ஏறுவதும் ஒரே வண்டியில்தான் என்பவர்களுக்குப் புரோக்ரசிவ் வகை பொருத்தமானது.

ஸ்டெபிலைசர் பார் இரண்டு முனைகளும் மடங்கிய ஓர் எஃகுக் கம்பி. நடுப்பகுதி சேஸிஸில் இரண்டு டி-புஷ்களுக்குள் (D வடிவ ரப்பர் உறைகள்) சுழலும். முனைகள் லிங்க் ராட் வழியாக இடது, வலது சக்கரங்களோடு இணைந்திருக்கும். இந்த லிங்க் ராடைச் சில பட்டறைகளில் ஜம்பிங் ராட் என்று சொல்வார்கள். இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு ஏறி இறங்கினால் பார் தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழலுமே தவிர வேறு வேலை செய்யாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே அழுந்தி, உள்பக்கச் சக்கரம் கீழே தொங்கும்போதுதான் அது முறுக்கப்பட்டு, உடல் சாய்வதைத் தடுக்கிறது. அதாவது, நேர்ச் சாலையில் சொகுசை அதிகம் இழக்காமல் வளைவில் வண்டியை நிமிர்த்த முடிகிறது. தரை இடைவெளியில் ஒரு மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. பாரை முதலில் மாற்றச் சொல்வதற்கு என் முதன்மைக் காரணம் இதுதான்.

பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். 20 மி.மீ. பாரை 22 மி.மீ. ஆக்கினால், கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்தான் என்றாலும் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும், 16 மி.மீ. இருந்த இடத்தில் 19 மி.மீ. போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். எனவே கடைக்காரர் காட்டும் மிகத் தடித்த பாரை எடுக்க வேண்டாம். பார் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றோடொன்று கட்டிவைப்பதால், இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அந்த அடியின் ஒரு பங்கு வலது பக்கத்துக்கும் போய், உள்ளே இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் ஆடும். லாரிச் சக்கரங்கள் அழுத்திப் பள்ளமாக்கிய தடங்களில் ஓட்டும் நமக்கு இது அன்றாட அனுபவமாகிவிடும்.

தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைப் பல பட்டறைகள் சொல்வதில்லை. மெக்பர்சன் அமைப்பில் வண்டியைத் தாழ்த்தும்போது, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறுகிறது. அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய்க்கும் நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. 40 அல்லது 50 மி.மீ. தாழ்த்திய வண்டி, ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டும் துணைக்கு இல்லாவிட்டால், முன்பைவிட அதிகமாகச் சாயும். இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சமதரையில் வண்டி தன் எடையில் நிற்கும்போது முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள்: பால் ஜாயின்ட் இருக்கும் வெளிமுனை, புஷ் இருக்கும் உள்முனையைவிட உயரமாகப் போயிருந்தால், அந்த வண்டி தாழ வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது.

வாங்கும் முன் தெருவை அளவெடுங்கள்

நம் ஹேட்ச்பேக்குகளின் தரை இடைவெளி பொதுவாக 160 முதல் 170 மி.மீ. வரை இருக்கும். இதில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை உங்கள் தெருவிலுள்ள வேகத்தடைதான் தீர்மானிக்கும்.

சாலை நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டு நெறி, வேகத்தடை 17 மீட்டர் ஆர வளைவில், 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்றது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்காகக் கணக்கிட்ட அளவு அது. 2,450 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட வண்டி அதன் உச்சியில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் சரிவிலேயே இருப்பதால், வயிற்றுப் பகுதியில் போகும் இடைவெளி சுமார் 44 மி.மீ. மட்டுமே. நம் சந்துகளில் குடியிருப்பவர்கள் சிமென்ட்டில் போட்டுக்கொள்ளும் இரண்டடி அகலத் தடையும் அதே 10 செ.மீ. உயரம்தான், ஆனால் அதன்மேல் போகும்போது முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் மறுபக்கமும் சமதரையில் நிற்பதால் முழு 100 மி.மீ.யும் போய்விடுகிறது. வண்டியின் தரை இடைவெளி 163 மி.மீ. என்றால், அதில் 100 போனால் 63. நான்கு பேர் ஏறி வண்டி 35 மி.மீ. அமர்ந்தால் மீதி 28. இதில் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டால் சைலன்சர் குழாய் சிமென்ட்டில் உரசாமல் எப்படிப் போகும்? ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் அமரும் அளவு கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தடையிலிருந்து முன்சக்கரம் இறங்கும்போது மூக்கு கீழே குத்துவது அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும்.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் 45 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மாவையும் இரண்டு சித்திகளையும் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனேன். தேரடிக்கு அருகே ஒரு தெருவில் தடையின்மேல் ஏறியதும் வண்டிக்கடியில் இரும்பு கிழியும் சத்தம் கேட்டது. சைலன்சரின் பிளேஞ்ச் நசுங்கி, கேஸ்கட் வெளியே வந்துவிட்டது. அம்மாவும் சித்திகளும் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனார்கள். அந்த ஸ்பிரிங் ஒரே மாதத்தில் கழன்றது.

எனவே, போக்குவரத்து இல்லாத அதிகாலையில் ஒரு நேரான சவுக்குக் கட்டை, நூல், அங்குல நாடா ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் தினமும் கடக்கும் தடைகளில் மோசமான மூன்றையாவது அளந்துவிடுங்கள். கட்டையைத் தடையின் உச்சியில் கிடைமட்டமாக வைத்து, அதன் இரண்டு முனைகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று எடுத்தால் போதும். வீட்டு வாசல் சரிவையும் மறக்காமல் அளவெடுங்கள். முன் பம்பரின் கீழ் உதடு முதலில் இடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து வண்டியை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், வீல் கேப்பின் மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களுக்கும் எடுத்து எழுதிவையுங்கள். என் வண்டியில் வலது முன்பக்கம் இடதைவிட 4 மி.மீ. குறைவாக இருந்தது, ஓட்டுநர் தனியாகவே ஓட்டும் வண்டிகளில் இவ்வளவு வித்தியாசம் இயல்பு. 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, ஸ்பிரிங் அமரும் சீட்டின் ரப்பர் நசிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகே மேம்பாடு

தண்டையார்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு மூத்த மெக்கானிக்கிடம் நான் முதன்முதலில் ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு போனபோது, அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஆட்டிவிட்டு, “தம்பி, லிங்க் ராடு ஆடுது பாரு. இத மாத்திட்டு ஒரு வாரம் ஓட்டு, அப்புறம் வா” என்றார். “சரிண்ணே” என்று போட்டுக்கொண்டு வந்தேன். வளைவில் வண்டி மிதப்பதுபோல் இருந்த குறையில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

ஐம்பதாயிரம் கி.மீ. தாண்டிய வண்டி என்றால் லிங்க் ராட், டி-புஷ், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதற்குள்ளிருக்கும் பேரிங் ஆகிய அனைத்தையும் பார்த்துவிடுங்கள். ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் அது முடிந்துவிட்டது. ஈரம் இல்லாவிட்டாலும், மேம்பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது வண்டி ஒரே அசைவில் அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் அதை மாற்றியே ஆக வேண்டும். களைத்துப்போன ஷாக்கின்மேல் விறைப்பான புது ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி துள்ளும். மழையில் அந்தத் துள்ளல் ஆபத்தானது. 25 மி.மீ. வரை தாழ்த்த நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஷாக் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போகிறவர்கள் குட்டையான ஷாக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் உடையும்போது பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடைகிறது. சீட்டில் தங்கும் மண்ணும் ஈரமும் பெயின்ட்டைத் தின்று, துருப்பிடித்த ஒரு சிறு குழியிலிருந்து விரிசல் தொடங்குகிறது. புது ஸ்பிரிங்கிலும் மேற்பூச்சு எங்கேனும் சிராய்ந்திருந்தால், பொருத்துவதற்கு முந்தைய நாளே அந்த இடத்தில் பெயின்ட் தொட்டுக் காயவிடுங்கள்.

புதிதாக வாங்காமல், இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. இதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம்தான் கூடும். இறங்கிய உயரத்துக்கு அது போதாமல் வண்டி பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது அடியைத் தாங்கும் ரப்பர்க் கட்டை) இடித்துக்கொண்டே ஓடும். வெட்டிய முனை சீட்டில் சரியாக அமராது. கேஸ் வைத்துச் சூடாக்கி அழுத்துவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

சட்டப் பக்கத்தையும் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. நீங்கள் செய்யப்போகும் மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களுடைய பதிலைக் கோப்பில் வைத்த பிறகே ஸ்பானரை எடுங்கள்.

பாரைப் பொருத்துதல்

முன்சக்கர இயக்க வண்டிகள் வளைவில் மூக்கு வெளியே தள்ளும் இயல்புடையவை. முன்பக்கப் பாரை மட்டும் தடிமனாக்கினால் இந்தத் தள்ளல் கூடும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் குறையும். புதியவருக்கு இன்னொரு வசதியும் உண்டு: முன்பாரைக் கழற்றப் பல வண்டிகளில் சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்க வேண்டியிருக்கும், அது வீட்டு வாசலில் செய்யும் வேலையே இல்லை. பின்பக்கமோ போல்ட் போட்டு முடிக்கும் இரண்டு மணி நேர வேலை.

டார்ஷன் பீமே முறுக்கத்தை எதிர்த்து ஒரு ஸ்டெபிலைசர் போலச் செயல்படுகிறது. நாம் சேர்க்கும் பார் அதற்குத் துணை மட்டுமே. இடைவிடாமல் முறுங்கிக்கொண்டேயிருக்கும் அந்த பீமில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ விரிசலுக்கு வழிகோலும். எனவே, ஏற்கெனவே உள்ள துளைகளையோ கிளாம்ப்பையோ பயன்படுத்தும் வகையை மட்டுமே வாங்குங்கள்.

வேலையின்போது மறக்கக் கூடாதது ஒன்று: இரண்டு பின்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்துப் பாரை முடுக்கினால், அது முறுங்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, வண்டி நேர்ச்சாலையிலும் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் ராம்ப்பில் ஏற்றியோ, இரண்டு ஸ்டாண்டுகளையும் பீமுக்கு அடியில் சம உயரத்தில் வைத்தோ வேலை செய்யுங்கள். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, பார் நடுவில் இருக்கிறதா, பிரேக் ஹோஸிலோ ஹேண்ட்பிரேக் கேபிளிலோ உரசுகிறதா என்று பார்த்த பின்பே டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கிட்டில் தந்துள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். புஷ் பாலியூரித்தேன் என்றால் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்காவிட்டால் மணலித் தூசி புகுந்து கீச்சிடத் தொடங்கும். சாதாரண ரப்பர் புஷ்ஷில் பெட்ரோலியக் கிரீஸைத் தொடவே விடாதீர்கள், ரப்பர் ஊறிப்போய்விடும்.

பாரின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் கடைக்கோடித் துளையில் தொடங்குங்கள். அங்கே நெம்புகோல் நீளமாக இருப்பதால் பார் மென்மையாக வேலை செய்யும். எண்ணெய் டேங்கர்களும் டிரெய்லர்களும் ஓடும் மணலிச் சாலையில் ஐப்பசியின் முதல் மழை விழும்போது தார்மேல் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். பின்பக்கம் அளவுக்கு மீறி விறைப்பாக உள்ள வண்டி, வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் வால் சுழலும். குறைந்தது ஒரு மழைக்காலமாவது மென்மையான துளையிலேயே ஓட்டிப் பழகிய பிறகு அடுத்த துளையைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்பிரிங்கை மாற்றுதல்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து உண்டு. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரசரில் அழுந்தியிருக்கும் முன்பக்க ஸ்பிரிங் 200 கிலோவுக்கு மேற்பட்ட விசையைத் தனக்குள் வைத்திருக்கிறது. நழுவினால் அது எதன்மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல்முறை செய்பவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஸ்ட்ரட்டைக் கழற்றுவது வரை நீங்கள் செய்துவிட்டு, ஸ்பிரிங்கைப் பிரிப்பதை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை.

முந்தைய நாள் மாலையே எல்லா போல்ட்டுகளிலும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவையுங்கள். மறுநாள் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கடியில் போகாதீர்கள்; ஹாலோ பிளாக் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்ட்ரட்டில் மாட்டியுள்ள பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். லிங்க் ராடைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இரண்டு போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அதிகம் விலகாது. லோயர் ஆர்மை இன்னொரு ஜாக்கியால் தாங்கிப் பிடித்து, அந்த இரண்டு போல்ட்டுகளையும் எடுத்து, பானெட்டுக்குள் உள்ள மவுண்ட் நட்டுகளைக் கடைசியாகக் கழற்றுங்கள். அப்போது ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்க வேண்டும். நடுவிலிருக்கும் ஒற்றைப் பெரிய நட்டை மட்டும் இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் அடக்கிவைத்திருப்பது அதுதான்.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும் மவுண்ட், சீட், ஸ்பிரிங் மூன்றின்மீதும் நேர்கோடாக ஒரு சாக்குக் கட்டிக் கோடு போடுங்கள். கம்ப்ரசரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக மாட்டி, ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று கை ஸ்பானரால் மாறி மாறி முடுக்குங்கள். ஏர் கன் வேண்டாம். ஸ்பிரிங் சீட்டிலிருந்து விலகி, விரலால் அசைக்க முடிகிற நிலை வந்த பிறகே, ஷாக்கின் தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நேராக முகத்தை வைக்காதீர்கள்.

புது ஸ்பிரிங்கைப் பெரும்பாலும் அதன்மேல் அச்சடித்த எழுத்து நேராகப் படிக்கும்படி வைப்பார்கள். கிட்டின் தாளில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பழைய பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லியிருந்தால் சொன்ன அளவு மட்டும் வெட்டுங்கள், எடுத்து எறியாதீர்கள். மேல் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் புதிது போடுங்கள்.

அடிச்சுற்றின் முனை, சீட்டிலுள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். எனக்கு ஒருமுறை ஒரு பட்டறையில் அது அரை அங்குலம் தள்ளி அமர்ந்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பத்து நாள் கழித்து அந்த முனை தானாகப் படிக்குள் விழுந்தபோது அந்தப் பக்கம் உயரமே மாறிவிட்டது. கம்ப்ரசரைத் தளர்த்தும்போது ஒரு டார்ச்சை அடித்து, முனைக்கும் படிக்கும் இடையே ஒரு விரலின் தடிமனைவிட அதிக இடைவெளி இல்லை என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

டார்ஷன் பீம் வண்டியில் பின்பக்கம் எளிது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பீமை ஜாக்கியால் தாங்கி, இரண்டு ஷாக்குகளின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்து, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடும் நிலை வருமுன் இறக்குவதை நிறுத்த வேண்டும். மேலும் கீழும் உள்ள ரப்பர் இருக்கைகளைக் கழுவித் துடைத்துப் புது ஸ்பிரிங்கோடு மீண்டும் போடுங்கள். ஷாக்கைப் பூட்டிய பின் பீமை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து சுழன்றால், அந்த ஷாக்குக்கு அந்த ஸ்பிரிங் குட்டை என்று பொருள். பெரிய பள்ளத்தில் அது இடம் நழுவிவிடும். அப்படியே ஓட்டாதீர்கள்.

இப்போது, அதிகம் தவறு நடக்கும் இடத்துக்கு வருகிறேன். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக முடுக்கக் கூடாது. அந்த ரப்பர் சுழல்வதில்லை, முறுங்குகிறது. தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அது முறுங்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். என் லோயர் ஆர்ம் புஷ் எட்டு மாதத்தில் கிழிந்தது இதனால்தான். எனவே, லேசாக முடுக்கி வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அழுத்தி அமரவிட்டு, ராம்ப்பில் ஏற்றிய பின் சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். துரு வராமல் இருக்க இழைகளில் எண்ணெய் தடவுவது பலரின் வழக்கம். ஆனால் எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும் என்பதால், இழைகளைத் துடைத்துவிட்டு முடுக்குவதே நல்லது.

முதல் ஓட்டமும் அடுத்த ஆயிரம் கிலோமீட்டரும்

தெருவைவிட்டு வெளியே போகுமுன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கோடி வரை திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். பின்னிருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, லாரிகள் குறைவாக இருக்கும்போது, மாதவரம் பக்கம் உள்வட்டச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.

வீல் அலைன்மென்ட்டைப் பொருத்திய அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும். தாழ்த்தும்போது, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறுவதால் டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) நிச்சயம் விலகியிருக்கும். அதை விட்டுவைத்தால் புது டயரின் ஓரம் சில ஆயிரம் கி.மீ.யிலேயே வழுக்கையாகும். கேம்பர் சிறிது உள்பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். திரையில் பச்சை வந்ததும் கிளம்பிவிடாமல் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் சில நூறு கி.மீ.யில் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும் என்பதால், 1,000 கி.மீ.யை ஒட்டி வீல் மையத்திலிருந்து ஃபெண்டர் வரையிலான நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து, இரண்டாவது முறையும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் உயரத்தையும் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு கட்டுப்பாடு தேவை. தாழ்த்திய வண்டியைத் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் விடாதீர்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் முன்பு தயங்கித் தயங்கிக் கடந்த அளவு தண்ணீர் இருந்தால், இனி மூலக்கடை வழியாகச் சுற்றியே போங்கள்.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இன்றும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அந்த ஆர்வத்தோடு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கு இன்னும் விறைப்பான தேர்வுகள் உண்டு; ஆனால் அதே வண்டியில்தான் திங்கட்கிழமை எண்ணூர் சாலைக்கும் வர வேண்டும் என்றால், 25 மி.மீ.யைத் தாண்டாதீர்கள்.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி, முன் இடது, முன் வலது என்று சீட்டு எழுதி, அளவெடுத்த தாளையும் அலைன்மென்ட் தாளையும் அதே பையில் வைத்து, பரணில் உப்புக்காற்று படாத இடத்தில் ஏற்றிவையுங்கள்.